மேற்கோள் எண் நான்கு

பெயரை மறைத்து எழுது என்றார்கள். எனக்கு அதைவிட நல்ல செய்தி வேறு இல்லை. என் பெயரை யார் கேட்டார்கள்?

சிலி நாட்டுப் பாலைவன மேட்டில் இருக்கும் பெரிய தொலைநோக்கி வரிசையில் நேரம் கேட்டு, உலகம் முழுவதிலிருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை விண்ணப்பம் போடுவோம். இருக்கிற நேரம் கொஞ்சம், கேட்கிற ஆட்கள் கூட்டம். முன்பெல்லாம் விண்ணப்பத்தின் தலையிலேயே பெயரும் ஊரும் இருக்கும். பெரிய இடத்துப் பெயர் என்றால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். இந்தோனேசியா, லெம்பாங் மலை, முன்னும் பின்னும் எதுவுமில்லாமல் இமாஸ் என்று ஒற்றையாக நிற்கும் பெயர் என்றால் கொட்டாவி விடுவார். இப்போது விதி மாறிவிட்டது. எழுதியவர் யாரென்று மதிப்பெண் போடுகிறவர்களுக்குத் தெரியவே கூடாது. 'எங்கள் நிலையத்தில்', 'நாங்கள் முன்பு செய்த ஆய்வில்' என்று ஒரு வார்த்தை வந்தால் போச்சு, மதிப்பெண்ணே போடாமல் ஒதுக்கிவிடுவார்கள். நம்முடைய பழைய கட்டுரையைக்கூட யாரோ ஊரார் எழுதியதுபோலத்தான் சொல்ல வேண்டும். இதை ஒருவர் அளந்திருக்கிறார், பார்க்க மேற்கோள் எண் இன்னது, அவ்வளவுதான்.

நான் கேட்டது ஒன்பது மணி நேரம்.

தெற்கு வானத்தில் ஒரு கருமேகம் இருக்கிறது. மழை மேகம் இல்லை. உறைந்துபோன வாயுவும் தூசும். அதன் நடுவில் ஒரு நட்சத்திரம் பிறந்துகொண்டிருக்கிறது. தன்னைச் சுற்றியிருக்கும் வாயுவைத் தின்றே அது வளர்கிறது, அது தீர்ந்ததும் வளர்ச்சி நின்றுவிடும் என்பதுதான் பாடம். நான் அப்படி நினைக்கவில்லை. வெளியே வெகுதூரத்திலிருந்து ஒரு மெல்லிய வாயு ஓடை வளைந்து வந்து அதற்கு ஊட்டுகிறது என்று நினைத்தேன். ஹாலந்தில் முனைவர் பட்டத்துக்கு உழைத்தபோது பழைய தரவில் ஒரு சின்ன வளைவைப் பார்த்தேன். கருவியின் இரைச்சல் என்றார்கள். நான் அதை ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் ஒரு பத்தியாக எழுதி வைத்தேன். அந்த ஒரு பத்திக்காகத்தான் நான் தூங்கி எழுந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

"அதாவது, பெத்தவ பால் பத்தலைன்னு பக்கத்து வீட்டுக்காரி கஞ்சி ஊத்துறா. இதச் சொல்ல உனக்கு இத்தன வருஷப் படிப்பா?" என்றான் தோகார். லெம்பாங்கில் என் அலுவலக அறையில் எதிர் மேசை அவனுடையது. வடக்கு சுமத்ராவின் பத்தாக் இனத்தவன். அவர்கள் பேசினாலே சண்டை போடுவதுபோல இருக்கும், சண்டை போட்டால் கட்டடம் ஆடும்.

"கஞ்சி வருதுன்னு நிரூபிக்கணும்ல?"

"ஒன்பது மணி நேரம் குடுத்தா நிரூபிச்சிடுவியா?"

"குடுக்கட்டும். அப்புறம் பாரு."

அரசு உதவித்தொகையில் படித்தவள் நான். படித்து முடித்ததும் நாட்டுக்குத் திரும்பி உழைப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்கள். திரும்பி வந்தேன். வந்தவள் எங்கே உட்காருவது என்பதை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. லெம்பாங்கில் எங்கள் வானாய்வு நிலையத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. டிசம்பரோடு முடியும் ஒப்பந்தம். சிலியில் நேரம் கிடைத்தால் நிரந்தர இடம், கிடைக்காவிட்டால் கும்பிடு. ஜகார்த்தாவில் மேலதிகாரிகள் அப்படித்தான் முடிவு செய்திருந்தார்கள். இதை எனக்குச் சொன்னவர் நிலையத் தலைவர் பாக் விராத்மாஜா. எங்கள் ஊரில் பெரியவர்களைப் பாக் என்றுதான் கூப்பிடுவோம், ஐயாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒரு வார்த்தை. அவர் என்னை நெங் என்பார், வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல.

ஒப்பந்தக்காரி தலைமை விண்ணப்பதாரர் ஆகக்கூடாது என்பது எங்கள் நிலையத்து வழக்கம். தலைமை எப்போதும் பாக் விரா. கணக்கு அவருடையது, கடவுச்சொல் அவருடையது, அனுப்பும் பொத்தானும் அவருடையது. பெயர்தான் யாருக்கும் தெரியப்போவதில்லையே, யார் தலையாக இருந்தால் என்ன என்று நானும் விட்டுவிட்டேன். எழுதி முடித்து, மரியாதைக்கு அச்செடுத்துக் கொண்டுபோய் இரண்டு கையாலும் கொடுத்தேன்.

மறுநாள் கூப்பிட்டார். தாள்கள் மேசைமேல் இருந்தன. அவருடைய மல்லிகைத் தேநீர் ஆறிப்போயிருந்தது.

"இந்த நாலு யாரு, நெங்?"

"நீங்கதான், பாக்."

"நானா?"

"மேகத்தோட தூரத்த முதல்ல அளந்தது நீங்கதானே. கடைசிப் பக்கத்துல நாலாவதா உங்க கட்டுரை இருக்கு பாருங்க."

"இங்க 'ஒருவர் அளந்திருக்கிறார்'னு போட்டிருக்கே. யாரு அந்த ஒருவர்? தெருவுல போறவனா?"

"அப்படித்தான் எழுதணும், பாக். எழுதுனவங்க யாருன்னு தெரியக்கூடாதுன்னு விதி. தெரிஞ்சா தூக்கிப் போட்டுருவாங்க."

"என் வீட்டுக் கதவ நானே விருந்தாளி மாதிரி தட்டணுமா?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய்ச் சுவரலமாரியைத் திறந்தார். உள்ளே கண்ணாடித் தகடுகள் வரிசையாக நின்றன. அவருடைய வாலிபத்தில், லெம்பாங்கில் இத்தனை விடுதியும் காப்பிக்கடையும் வந்து வானத்தை வெளிச்சமாக்காத காலத்தில், பழைய தொலைநோக்கியின் அடியில் குளிரில் உட்கார்ந்து எடுத்த படங்கள். ஒரு தகட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். புள்ளிகளுக்கு நடுவே என் மேகம் வெறுமையாகத் தெரிந்தது. அந்தக் கட்டுரையை நிலையத்தின் சொந்த இதழில் போட்டிருந்தார்கள். வெளிநாட்டில் ஒருவனும் அதைச் சீந்தவில்லை. முதன்முதலில் அதை மேற்கோள் காட்டியவள் நான்தான். அதிலும் அவரை ஓர் எண்ணாக்கி வைத்திருந்தேன். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவப்பட்ட மனசுதான் என்னைக் கெடுத்தது.

"உங்க பேரு பட்டியல்ல இருக்கு, பாக். வாசிக்கிறவங்க கண்டிப்பா பாப்பாங்க. உள்ள மட்டும் வேண்டாம். தயவுசெஞ்சு எதையும் சேக்காதீங்க."

தகட்டை உறையில் போட்டபடி சிரித்தார். "ஆகட்டும், நெங். பாத்துக்கலாம்."

இதற்கு என்ன பொருள் என்று எங்கள் ஊரில் பால்குடி மறந்த எந்தக் குழந்தையும் சொல்லும். சுண்டா மக்கள் நாங்கள் யார் முகத்துக்கும் நேராக முடியாது என்று சொல்வதில்லை. கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்பதற்கும், கடன் தரமாட்டேன் என்பதற்கும், உன் மகனுக்கு என் பெண் இல்லை என்பதற்கும் ஒரே பதில்தான். ஆகட்டும், பாத்துக்கலாம். சிரித்துக்கொண்டே சொல்வோம், கேட்கிறவரும் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவார். ஹாலந்தில் நான் வாயைத் திறப்பதற்குள் முடியாது என்று சொல்லிவிடுவார்கள். அங்கே இருந்து இருந்து என் காது மழுங்கிவிட்டதோ என்னவோ, சரி என்று சொல்லிவிட்டார் என நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

விண்ணப்பம் அனுப்பும் நாளில் நிலையத்தில் விருந்து வைத்தார்கள். நேரம் கிடைத்ததற்கு இல்லை, நேரம் கேட்பதற்கு. வாசலில் பதாகை கட்டியிருந்தார்கள். பாக் விராவின் முகம் பெரிதாக, பின்னால் சிலியின் வெள்ளைக் கிண்ணத் தொலைநோக்கிகள் சின்னதாக. ஜகார்த்தாவிலிருந்து ஓர் உயரதிகாரி வந்திருந்தார். கூடத்தின் நடுவே தும்பெங், மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்து, சுற்றிலும் பொரித்த கோழியும் தெம்பே என்கிற சோயாக் கட்டியும் முட்டையும் அடுக்கியிருந்தது. துஆ ஓதினார்கள். கிறிஸ்தவனான தோகாரும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆமென் சொன்னான்.

கூம்பின் நுனியை வெட்டி, அங்கே இருப்பவர்களில் பெரிய மரியாதைக்கு உரியவருக்குக் கொடுப்பது வழக்கம். பாக் விரா நுனியை வெட்டி ஜகார்த்தா அதிகாரிக்குக் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"எழுதுனவளுக்குக் கூம்போட பாதமாவது குடுப்பாங்களா?" என்றான் தோகார் என் காதில்.

"வாய மூடு."

பிறகு திரையில் விண்ணப்பத்தைக் காட்டினார்கள். பாக் விரா எழுந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் பத்தியை எங்கள் மொழியில் பெயர்த்து உரக்க வாசித்தார்.

"'இந்த மேகத்தின் தூரத்தை முதலில் அளந்தது எங்கள் லெம்பாங் நிலையம். அளந்தவர் எங்கள் நிலையத்தின் இன்றைய தலைவர் விராத்மாஜா. அந்தத் தகடுகள் இன்றும் எங்களிடம் பத்திரமாக உள்ளன.'"

கூடம் அதிரக் கைதட்டல். அதிகாரி தலையாட்டினார். பாக் விரா பிஸ்மில்லா சொல்லிப் பொத்தானை அழுத்தினார். என் கையில் தட்டு இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. மூன்றே வரி. என் மூன்று வருடத்து வேலையைக் கொல்ல அதுவே ஏராளம்.

முழுக்கக் கைவிட்டுப் போகவில்லை. மாலை ஆறு மணிவரை கெடு இருந்தது. அதற்குள் திருத்திய விண்ணப்பத்தைப் பழையதன்மேல் ஏற்றிவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. பாக் விரா அதிகாரியை வழியனுப்ப வாசலுக்குப் போனபோது பின்னாலேயே ஓடினேன்.

"பாக், அந்த மூணு வரிய எடுத்துட்டு மறுபடி ஏத்திரலாம். அஞ்சே நிமிஷம். இல்லன்னா விண்ணப்பமே செத்துடும்."

"சாப்டியா, நெங்?"

"பாக், நெஜமாத்தான் சொல்றேன். விதி…"

"ஆகட்டும், பாத்துக்கலாம்," என்றார். அதிகாரியின் காரிலேயே ஏறிக்கொண்டார். ஜகார்த்தாவரை கூடப் போய் விட்டுவிட்டு வருவதுதான் மரியாதையாம்.

இந்த முறை என் காது நன்றாகவே வேலை செய்தது.

தோகார் என்னைச் செயலாளர் லிலிஸ் அக்காவிடம் இழுத்துக்கொண்டு போனான். பாக் விராவின் கடவுச்சொற்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். மின்கட்டணம் முதல் மின்னஞ்சல் வரை அவர்தான் பார்ப்பார்.

"அக்கா, சிலிக் கணக்கத் தொறங்க. அஞ்சு நிமிஷ வேலை," என்றான்.

லிலிஸ் அக்கா மிச்ச தும்பெங்கை வாழையிலையில் மடித்துக்கொண்டிருந்தார். "பாக் கிட்ட கேக்காமயா?"

"கேட்டா தரமாட்டாரு. அதான் உங்கள கேக்குறோம்."

அவர் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "ஆகட்டும்மா, பாத்துக்கலாம். கோழி கொஞ்சம் கட்டித் தரவா?"

"அப்பாடா, சரின்னுட்டாங்க," என்றான் தோகார்.

"முடியாதுன்னு சொல்லிட்டாங்க," என்றேன்.

"எது? இப்பத்தானே ஆகட்டும்னாங்க!"

"அதான்."

தோகார் தலையில் அடித்துக்கொண்டான். "உங்க ஊர்ல தீப்பிடிச்சாக்கூட யாரும் கத்தமாட்டீங்க. ஆகட்டும், எரிஞ்சு முடியட்டும், பாத்துக்கலாம்னு நிப்பீங்க."

தொலைபேசியில் பாக் விராவை இரண்டு முறை பிடித்தேன். முதல் முறை, "பக்கத்துல பெரியவர் இருக்கார்," என்று கிசுகிசுத்தார். இரண்டாம் முறை என்னைப் பேசவிட்டுக் கேட்டார். நானும் எல்லாவற்றையும் சொன்னேன். என் ஒப்பந்தம், டிசம்பர், ஆய்வேட்டின் அந்த ஒரு பத்தி. அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

"நெங், அத எடுத்துட்டா நான் அங்க யாரு?" என்றார். "நாலு. அவ்வளவுதானே?"

விதிப்படி அவ்வளவுதான். ஆறு மணி அடித்தபோது மலைமேல் மூடுபனி இறங்கி, நிலையத்துக் கூரையே தெரியவில்லை.

முடிவு ஆகஸ்டில் வந்தது. பெயர் தெரியும்படி எழுதியதால் மதிப்பிடாமலே ஒதுக்கப்பட்டது என்று ஒரே வரி. அது தலைமை விண்ணப்பதாரருக்குத்தான் வரும். பாக் விரா எங்களைக் கூடத்தில் கூட்டினார். கண் சிவந்திருந்தது. நடிப்பு இல்லை, மனுஷர் உண்மையிலேயே உடைந்து போயிருந்தார்.

"நம்ம நாட்டுப் பேரப் பாத்த உடனே ஒதுக்கிட்டாங்க," என்றார்.

சொன்னதில் பொய் ஒரு துளியும் இல்லை. பேரைப் பார்த்ததால்தான் ஒதுக்கினார்கள். அந்தப் பேரை அங்கே போட்டது யார் என்பதை மட்டும் அவர் விட்டுவிட்டார். மறுவாரம் ஒரு செய்தித்தளத்தில் அவருடைய பேட்டி வந்தது. வெள்ளைக்காரனின் திமிர் என்று ஆயிரம் பேர் கீழே எழுதித் தள்ளினார்கள். என் சித்தப்பா காருத் ஊரிலிருந்து கூப்பிட்டு, உங்க தலைவர் சிங்கம்மா என்றார். நான் ஆமாம் சித்தப்பா என்றேன். வேறென்ன சொல்ல?

நேரம் பெற்றவர்களின் பட்டியல் பிறகு வெளியானது. அதை எல்லோரும் பார்க்கலாம். அதில் என் மேகம் இருந்தது. ஐரோப்பாவில் ஒரு குழு, அதே நட்சத்திரம், வெளியிலிருந்து விழும் வாயு ஓடையைத் தேடுவதாகத் தலைப்பு. என்னிடமிருந்து திருடவில்லை. அந்த நினைப்பு அவர்களுக்கும் தனியாக வந்திருக்கிறது, வரக்கூடியதுதான். அதுதான் இன்னும் எரிந்தது. திருடியிருந்தால் திட்டுவதற்காவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

ஒருவர் பார்த்ததையே இன்னொருவர் அதே மாதிரி பார்க்க அங்கே நேரம் தரமாட்டார்கள். ஆக, மேகம் போய்விட்டது. எங்கள் நிலையத்தில் இந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தவர்கள் நானும் தோகாரும் மட்டுமே. பாக் விரா பார்க்கவில்லை. அவருக்குப் பேட்டி கொடுக்கவே நேரம் போதவில்லை.

டிசம்பரில் எனக்கு வழியனுப்பு விருந்து. பாண்டுங்கில் ஒரு நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையத்தில் பௌதிகம் சொல்லித்தர இடம் கிடைத்திருந்தது. மறுபடியும் தும்பெங், மறுபடியும் துஆ. அதே கூடம்தான், பதாகை மட்டும் இல்லை.

பாக் விரா கத்தியை எடுத்துக் கூம்பின் நுனியை வெட்டினார். ஜகார்த்தாவிலிருந்து யாரும் வரவில்லை. நுனியைத் தட்டில் வைத்து நேராக என்னிடம் வந்து நீட்டினார்.

"இந்த நிலையம் வளத்த பொண்ணு. இன்னிக்கி இங்க உன்னவிடப் பெரியவங்க யாரும் இல்ல," என்றார்.

லிலிஸ் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். இரண்டு கையாலும்தான். கை பழகிய பழக்கம், மனசைக் கேட்டா செய்கிறது? சோற்றில் தேங்காய்ப்பால் மணத்தது. ஒரு வாய் எடுத்து வைத்தேன்.

"கவலப்படாத, நெங்," என்றார் பாக் விரா, எல்லோரும் கேட்கும்படி. "அந்த விண்ணப்பத்த நாம விடப்போறதில்ல. அடுத்த வருஷம் நானே மறுபடி அனுப்புவேன். பழைய மாதிரியே, முதல் பத்தியோட. நம்ம பேரப் பாத்து அவங்க பயப்படணும். உன் பேரையும் சேத்துக்குறேன், கூட்டு ஆய்வாளர்னு. சனிக்கிழம சனிக்கிழம இங்க வந்து எழுதிக் குடு. கணக்கெல்லாம் உனக்குத்தானே தெரியும்?"

தோகார் தட்டை மேசைமேல் டக்கென்று வைத்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவன் முழங்கையைப் பிடித்தேன். சொல்ல வேண்டியவள் நான். மேகத்தை வேறு ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லலாம். உங்கள் மூன்று வரிதான் என்னை இந்தக் கூடத்திலிருந்து வெளியே தள்ளுகிறது என்று சொல்லலாம். சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு நல்லது செய்கிற திருப்தி அதில் வழிந்தது. இவருக்கு எது புரியாது என்பதும், எது உடனே புரியும் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

சோற்றை மென்று விழுங்கினேன். அவரைப் பார்த்து, அவர் எனக்குக் கற்றுத்தந்த அதே சிரிப்பைச் சிரித்தேன்.

"ஆகட்டும், பாக்," என்றேன். "பாத்துக்கலாம்."

கூடம் சட்டென்று அடங்கியது. தோகாரைத் தவிர அங்கே இருந்த அத்தனை பேரும் எங்கள் ஊர்க்காரர்கள். லிலிஸ் அக்கா கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாக் விராவின் சிரிப்பு முகத்திலேயே நின்றது, கண் மட்டும் என்னை விட்டு நகர்ந்தது. கூம்பை நோக்கித் திரும்பி, நுனி போன இடத்தில் கத்தியை வைத்து, அடுத்த ஆளுக்குச் சோறு வெட்ட ஆரம்பித்தார்.